துரை தண்ணீர் குடித்த கதை

"ஒரே வாரம்! ஒரே வாரத்துல இந்த முயலைத் தண்ணி குடிக்க வெக்கல, என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்!"

டிரைவிங் மாஸ்டர் சாப்பாட்டு மேஜையை ஓங்கித் தட்டிச் சபதம் போட்டார். தட்டிய வேகத்தில் காபி சிந்தியது. மனைவி துடைத்தாள்.

"பேரெல்லாம் மாத்த வேணாங்க. குடிக்க வெக்கலேன்னா எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுங்க. போதும்."

"குடிக்க வெச்சுட்டா?"

"இந்த ஜென்மத்துல வண்டிப் பேச்சையே எடுக்கல."

மாஸ்டருக்குக் காதில் தேன் வந்து பாய்ந்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் மருந்துக்கடை வேலைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிற மனைவி, கல்யாணமான நாள் முதல் கேட்டும் ஒரு நாள்கூடக் கற்றுக்கொடுத்ததில்லை. மழை பெய்தால் ரோடு வழுக்கும் என்பார். வெயில் அடித்தால் டயர் தேயும் என்பார். இரண்டும் இல்லாவிட்டால் இடுப்பு வலி. உண்மைக் காரணம் வேறு. பயிற்சி வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டு வண்டியில் கிடையாது. மனைவி கையில் ஸ்டியரிங், தன் காலடியில் வெறும் மிதியடி என்று நினைத்தாலே அவர் கால் தானாகத் தரையை அமுக்கும். இதை அவர் வெளியே சொல்வாரா? மானம் இருக்கிறதே!

துரை என்பது முயலின் பெயர். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அடுத்தவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்க்கிற குணம் அதற்கு. மாஸ்டர் பேச ஆரம்பித்தால் எழுந்து போகாமல் கேட்கிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதனால் அதன்மேல் அவருக்கு உயிர். கூண்டில் மாட்டியிருந்த பாட்டில் தண்ணீர் குறையவே இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கும் சோறு இறங்கவில்லை. தண்ணீர் போகாவிட்டால் முயலுக்கு வயிறு கட்டிக்கொள்ளும், ஆளையே கொண்டுபோய்விடும் என்று மனைவி வேறு சொல்லியிருந்தாள்.

மாஸ்டர் உடனே களத்தில் இறங்கினார். பாட்டிலைக் கழற்றி வீசினார்.

"குழாய் நுனியை நக்கி நக்கிக் குடின்னா எந்தத் துரை குடிப்பாரு? கிண்ணம் வேணும், கிண்ணம்!"

கவிழாத கனமான பீங்கான் கிண்ணம் வந்தது. மாஸ்டர் சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பதட்டப்படாதே. யாரும் ஹாரன் அடிக்கல. மெதுவா தலையை இறக்கு. இன்னும் கொஞ்சம். அப்படியே நாக்கை நீட்டு..."

"ரிவர்ஸ் எடுக்குது பாருங்க" என்றாள் மனைவி, கீரை கழுவிக்கொண்டே.

துரை பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டி நின்றது.

எதிர்வீட்டுத் தையல்காரர், தண்ணீரில் ஆப்பிள் சாறு ரெண்டு சொட்டு விடச் சொன்னார். விட்டார்கள். துரை மோந்து பார்த்தது. யாரையோ விசாரித்துவிட்டு வருகிற மாதிரி அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வைக்கோலில் போய்ப் படுத்துக்கொண்டது. சரியென்று மாஸ்டர் கிண்ணத்தை வைக்கோல் பக்கத்திலேயே நகர்த்தினார். துரை வைக்கோலை விட்டு எழுந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

வாரம் பாதி ஓடிவிட்டது. மனைவி வீட்டு வண்டியின் மேலே மூடியிருந்த துணியை எடுத்து, துவைத்து, காயப்போட்டாள். மாஸ்டருக்குப் பகீர் என்றது.

மறுநாள் காலை மனைவி குளிக்கப் போனாள். மாஸ்டர் கிண்ணத்தைப் பார்த்தார். துரை மாஸ்டரைப் பார்த்தது. தண்ணீர் குறைய வேண்டும், அவ்வளவுதானே? சிங்க்கில் ஊற்றினால் குழாய் கடகடவென்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னல் வழியாக ஊற்றினால் கீழ்வீட்டுக்காரர் வழுக்கைத் தலை. வேறு வழியே இல்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கால் கிண்ணம் குடித்தார். மீசையில் ஒட்டிய முயல் முடியைத் துடைத்துக்கொண்டு, பேப்பரை விரித்துப் பிடித்தார்.

"அட! குறைஞ்சிருக்கே!" என்றாள் மனைவி ஈரத் தலையோடு.

"வாத்தியார் யாரு? சும்மாவா?"

புகழ்ச்சி மாஸ்டருக்குப் பொல்லாத போதை. மறுநாள் அரைக் கிண்ணம் குடித்தார். அதற்கடுத்த நாள் முக்கால். கெடு முடிகிற காலையில், நூற்றுக்கு நூறு வாங்கியே தீர்வது என்று ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்துக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். மனைவி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று. போனை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது குரல் கம்மியிருந்தது.

"என்னங்க, முயல் டாக்டரம்மா பயப்படறாங்க."

"ஏன்? அதான் நல்லாக் குடிக்குதே!"

"அதாங்க பிரச்சினை. இத்துனூண்டு உடம்பு, முழுக் கிண்ணம் குடிச்சா கிட்னி போச்சுன்னு அர்த்தமாம். தினமும் காலையில கொண்டுவந்து ஊசி போட்டுக்கணுமாம்."

"தினமுமா?"

"காலையில உங்களுக்கு கிளாஸ் இருக்கும். பரவாயில்ல, நானே ஓட்டிக்கிட்டுப் போயிடறேன். இன்னிக்கே கத்துக்கொடுத்துடுங்க."

"அடடா, பந்தயத்துல நான்தானே ஜெயிச்சேன்!"

"நீங்க ஜெயிச்சதாலதானே அதுக்கு ஊசி?"

"டாக்ஸில போயேன்."

"முயலை ஏத்த மாட்டாங்களாம். கேட்டாச்சு."

மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் பந்தயம் போச்சு, கற்றுக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டாலும் கற்றுக்கொடுக்க வேண்டும், கூடவே துரைக்கு ஊசி. துரை ஒன்றும் அறியாமல் அவர் காலடியில் வந்து, கட்டை விரலை மோந்துவிட்டுச் சாய்ந்து படுத்தது. அந்தப் பஞ்சு உடம்பில் தினமும் ஊசியா? மாஸ்டருக்கு நெஞ்சு தாங்கவில்லை.

"தண்ணியை அது குடிக்கல" என்றார்.

"பின்னே?"

"நான்தான் குடிச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"கிண்ணத்து ஓரமெல்லாம் காபிக் கறை. துரை எப்பலேர்ந்துங்க காபி குடிக்க ஆரம்பிச்சாரு?"

தலையைக் குனிந்த மாஸ்டர் திடுக்கென்று நிமிர்ந்தார். "ஐயையோ, அப்போ இத்தனை நாளா இது சொட்டுத் தண்ணி குடிக்கலையா? பாவி ஆயிட்டேனே!" என்று துரையை வாரி எடுத்து வயிற்றைத் தடவினார்.

"பதறாதீங்க. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கீரையைக் கழுவி, உதறாம, தண்ணி சொட்டச் சொட்டப் போட்டுக்கிட்டிருக்கேன். மொத நாள்லேர்ந்து."

"மொத நாள்லேர்ந்தா? அப்ப அது குடிச்ச மாதிரிதானே! அப்ப பந்தயம்?"

"நீங்க குடிக்க வெக்கறதுன்னுதானே பேச்சு? நான் வெச்சா எப்படி?"

மாஸ்டர் குனிந்து மடியைப் பார்த்தார். துரை உயிரோடு, உருண்டையாக மடியில் இருந்தது. அது போதும், அதற்காக ஆயிரம் தடவை தோற்கலாம் என்று மனதார நினைத்தார். பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, தோத்துட்டேன். ஒத்துக்கறேன். முதல்ல அந்த டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, நடந்தது இதுதான், ஊசியெல்லாம் வேணாம்னு சொல்லிடு. பாவம், எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கப் போறாங்க."

"யாரு? நான் எங்கங்க அவங்களுக்குப் போன் பண்ணினேன்?" என்று மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள். "வண்டிச் சாவி எங்க வெச்சிருக்கீங்க?"