ஆறு மூடியும் ஒரு கிண்ணம் சந்தனமும்

பி.எஸ்சி. பௌதிகத்தில் மூன்றாவது முயற்சியில் தேறியவனை நம்பி எந்தக் குடும்பமும் தன் மின்சார விவகாரங்களை ஒப்படைக்கக் கூடாது. எங்கள் குடும்பம் ஒப்படைத்தது. ஃபியூஸ் போனால் நான், ரேடியோ கரகரத்தால் நான், அயர்ன் பாக்ஸ் ஷாக் அடித்தால் நான். (நான் பார்த்துக் கொடுத்த பிறகு அந்த அயர்ன் பாக்ஸ் ஷாக் அடிப்பதை நிறுத்தியது உண்மை. சூடாவதையும் நிறுத்திவிட்டது.) அந்த ஒரே தகுதியில்தான், எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு வேனுக்கு பேட்டரியும் சார்ஜரும் வாங்கும் பொறுப்பு என் தலையில் வந்து உட்கார்ந்தது. அதில் நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

வேன் எங்கள் அக்கா வீட்டுக்காரர் தங்கப்பாண்டி அத்தானுடையது. மலைத் தோட்டம் ஒன்றில் நடமாடும் ஆஸ்பத்திரியாக ஓடி ஓய்ந்த வண்டியை ஏலத்தில் எடுத்திருந்தார். உள்ளே இரண்டு கட்டில், கை கழுவ ஒரு தொட்டி, மருந்து அலமாரி, ஒரு டியூப் லைட், கூரையில் குட்டி ஃபேன். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி என்றால், இந்த லைட்டுக்கும் ஃபேனுக்கும் கட்டிலுக்கு அடியில் தனியாக இன்னொன்று. வண்டியை எந்த மரத்தடியில் நிறுத்தினாலும் ஃபேனைப் போட்டுக்கொண்டு காலை நீட்டலாம். அந்த இரண்டாவது பேட்டரிதான் செத்துக் கிடந்தது.

வேன் போடியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று அம்மா அதற்குள் ஏறி, கட்டிலைத் தட்டிப் பார்த்து, தொட்டியில் கையை விட்டுப் பார்த்து, புதுவீடு பார்க்க வந்தவள் போல ஒவ்வொன்றாகத் தொட்டாள். அப்புறம் அத்தானிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஏந் தம்பி, இது சுருளி வரைக்கும் போகுமா?"

அம்மா பிறந்தது மயிலாடும்பாறை, வாழ்க்கைப்பட்டது போடி. சுருளி அருவியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறார்கள். ஒரு பொழுதில் போய்வரும் தூரத்தில் இருந்துகொண்டு அம்மா பார்த்ததில்லை. காரணம் அப்பா. போடி பஜாரில் மொத்த விலை வேட்டிக் கடை. கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய், பந்தியில் பாயசம் வருவதற்குள் திரும்பிவிடுவார். அம்மாவுக்குத் தனியாகப் போக மனசில்லை. "உங்கப்பா கூடத்தேன் போகணும்" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அருவிப் பக்கம் தங்கி மூன்று நாள், கடை இல்லாத அப்பா.

எப்படிப் பேசினாளோ தெரியாது, அப்பா சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"ஃபேன் சுத்துனா வாரேன். வேக்காட்டுல கெடந்து என்னால வேக முடியாது."

ஆக, அம்மாவின் சுருளி அந்த ஃபேனில் தொங்கியது. ஃபேன் பேட்டரியில் தொங்கியது. பேட்டரி என்னில் தொங்கியது. (இதைக் கேட்டபோதே அம்மா பயந்திருக்க வேண்டும்.)

தேனியில் ஆசீர்வாதம் அண்ணன் பேட்டரிக் கடை வைத்திருந்தார். சுற்று வட்டார மைக் செட்காரர்கள் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். என் முன்னால் இரண்டு பேட்டரிகளை வைத்தார். ஒன்று கறுப்பு ரப்பர் பெட்டி. மூடிகளைத் திருகித்தான் கழற்ற வேண்டும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். மற்றது புதிதாக வந்த வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே தண்ணீர் நிற்பது வெளியிலிருந்தே தெரியும். மூடிகளை அழுத்தி மாட்டினால் போதும்.

"தம்பி, வெள்ளை இருக்குல, அது வண்டியக் கிளப்புறதுக்கு உள்ள பேட்டரி. ஒரு உதை உதைச்சுட்டு ஓஞ்சுரும். ஃபேனு கணக்கா நின்னு நிதானமா இழுக்குறதுக்கு இந்தக் கறுப்புதேன் தோது. பிளேட்டு தடிசு."

நான் சிரித்தேன். பட்டதாரிகள் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. "அண்ணே, இது எலக்ட்ரோலைட் மட்டம் கண்ணுக்குத் தெரியுற டெக்னாலஜி" என்றேன்.

"சரிங்க" என்றார். விவாதத்தில் வென்றுவிட்டதாக நினைத்தேன். இன்று நினைத்தால், அவர் என்னைக் கைகழுவிய இடம் அது.

ஆனாலும் நல்ல மனுஷன், வாசல் வரை வந்து சொன்னார்: "புதுசு. மொத சார்ஜ் மெதுவா பத்து மணி நேரம் போடணும். ஆறு மூடியவும் தொறந்து வச்சுப் போடுங்க. உள்ள வாயு கெளம்பும், அது வெளிய போகணும். இங்கனயே விட்டுட்டுப் போனாலும் நானே போட்டுத் தாரேன்."

"வேண்டாம்ணே, ஆட்டோமேட்டிக் சார்ஜர் வாங்கிருக்கேன்."

மதுரையிலிருந்து வரவழைத்திருந்தேன். பேட்டரி நிரம்பியதும் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரியும்; தானாகவே நின்றுகொள்ளும். அப்படி ஒரு சாதனம் போடிக்கு வருவது அதுதான் முதல் தடவை என்று நானாக அறிவித்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை. பேட்டரியை முற்றத்தில் இறக்கியதும் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். எங்கள் பக்கத்தில் புதுச் சாமான் எதுவானாலும், குத்தூசியிலிருந்து டிராக்டர் வரை, சந்தனமும் குங்குமமும் வைக்காமல் வேலையைத் தொடங்குவதில்லை.

"ஒரு பொட்டு வச்சுக்கிறேம்ப்பா."

அத்தானும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேச்சு வந்துவிட்டது. விஞ்ஞானம், மூடநம்பிக்கை, ஆசிட், சந்தனம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். "பேட்டரி என்ன கல்யாணப் பொண்ணாம்மா?" என்று முடித்தபோது அத்தான் கைதட்டினார். அம்மா கிண்ணத்தைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லோரும் கலைந்த பிறகுதான் யோசித்தேன். ஏதாவது ஆகிவிட்டால்? பொட்டு வைக்காததால்தான் என்பார்களே? (உண்மையைச் சொல்கிறேன்: அவர்கள் சொல்வார்கள் என்பதைவிட, அது நிஜமாக இருந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.) சுற்றுமுற்றும் பார்த்தேன். கிண்ணத்தை எடுத்தேன். கொடுப்பதைக் குறைவில்லாமல் கொடுப்போம் என்று, மூடிக்கு ஒன்றாக ஆறு பெரிய சந்தனப் பொட்டு, நட்டநடுவில் குங்குமம். ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசித் துளை ஒன்று இருந்தது. பொட்டு வைக்க நடு இடம் கண்டுபிடிக்க அது ரொம்ப வசதியாக இருந்தது. வாயு வெளியே போவதற்கு அந்த மூடியில் இருந்த வழியே அதுதான் என்பது மூன்று தடவை பௌதிகம் எழுதியவனுக்குத் தோன்றவில்லை. டிஸ்டில்ட் வாட்டரையும் முன்பே கழுத்து வரை ஊற்றியிருந்தேன். கஞ்சத்தனம் எதற்கு?

சார்ஜ் போட்டேன். நான்கு மணி நேரத்தில் பச்சை எரிந்து சார்ஜர் நின்றுவிட்டது. 'பத்து மணி நேரம்' என்று ஆசீர்வாதம் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. மூடியைத் திறக்கச் சொன்னது வரவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி நின்றது. போட்டேன். அந்தச் சார்ஜருக்கு அறிவிருந்தது. போதும் போதும் என்று அது கெஞ்ச, நான் விடாமல் பத்து மணி நேரத்தை நிறைவேற்றினேன். பொழுது சாயும்போது சந்தனம் மண்சுவர் மாதிரி இறுகியிருந்தது. யார் கண்ணிலும் படாமல் நானே பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில், முன்பக்கம் கம்பி வைத்த பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

மறுநாள் காலை அப்பா கடையின் உச்ச ரக வேட்டியைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. அப்பா மேலே பார்த்தார், "பரவால்லயே" என்றார். என் வாழ்நாளில் அவரிடம் நான் வாங்கிய அதிகபட்சப் பாராட்டு அது. எதிர்க் கட்டிலில் அம்மா முடி பறக்க உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். போடியிலிருந்து தேனி வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

தேனி தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. காலடியில் டொப், டொப் என்று சத்தம். "கல்லு அடிக்குது" என்றேன், நிபுணன். கொஞ்ச நேரத்தில் அப்பா காலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடி இது, ஈரமா இருக்கு? கூஜாவ ஒழுங்கா மூட மாட்டியா?"

"மூடித்தானே வச்சேன்" என்றாள் அம்மா. துண்டால் துடைத்தாள். அப்பா கெண்டைக்காலைச் சொறிய ஆரம்பித்தார். கட்டிலில் மூட்டைப்பூச்சி என்று முடிவு கட்டினோம். வீரபாண்டி வந்துவிட்டது. முதலில் ஆற்றில் முழுக்கு, அப்புறம் கௌமாரியம்மன், அப்புறம் சின்னமனூர், கம்பம், சாயந்தரம் சுருளி. அதுதான் திட்டம்.

அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு முல்லையாற்றில் இறங்கினார். (தெய்வம்தான் இறக்கியது. ஆசிட் பட்ட காலுக்கு அதைவிட வைத்தியம் கிடையாது.) குளித்து முடித்து வேட்டியை அலசினார். இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பிழிந்தார். வேட்டி அவர் கையிலேயே நனைந்த செய்தித்தாள் மாதிரி துண்டு துண்டாகக் கழன்றது. ஒரு துண்டு ஆற்றோடு போனது. இன்னொன்று பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் தோளில் போய் ஒட்டியது.

அந்தத் தோள் மார்க்கையன்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருடையது. திருவிழா வியாபாரத்துக்கு முந்தின வாரம்தான் எங்களிடம் கட்டுக் கட்டாக வேட்டி எடுத்துப் போயிருந்தார். தோளிலிருந்ததை எடுத்து விரித்துப் பார்த்தார். வேட்டிக் கரையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"என்ன மொதலாளி," என்றார் ரொம்ப மரியாதையாக, "நம்ம கடைச் சரக்கா?"

அப்பா முழங்கால் தண்ணீரில், கையில் அரை வேட்டியோடு, அப்படியே நின்றார். படித்துறையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்பதை எழுதக் கூசுகிறது.

வேனுக்கு வந்ததும் அத்தான் கட்டில் பெட்டியைத் திறந்தார். மூடிகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. ஆசிட் பெட்டியெல்லாம் தெறித்திருந்தது. ஒரு மூடியைத் துணியால் பிடித்து எடுத்துப் பார்த்தார்.

"ஓட்டைய அடைச்சு எவென்டா சந்தனத்த அப்புனது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அந்த மூடியைப் பார்த்தேன். முந்தின நாள்தான் அத்தனை பெரிய பிரசங்கம் செய்திருந்தேன். அம்மா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். தான் வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு யார் வைத்திருப்பார்கள் என்பதும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

"நான்தேன் வச்சேன்" என்றாள். "புள்ள வேண்டாம்னுதேன் சொன்னான். எனக்குத்தேன் மனசு கேக்கல. அவனை வையாதீக."

அப்பா வையவில்லை, என்னை. அவளை வைதார். நடு ரோட்டில், மருமகன் முன்னால். "ஒன்னயக் கூட்டிக்கிட்டு ஒரு எடத்துக்குப் போக முடியுமாடி? படிச்சவன் சொன்னாக் கேக்கணும்." படிச்சவன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு பஜாருக்குப் போய்ச் சேர்வதற்குள் கடையில் இருக்க வேண்டும் என்று அப்பா வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அம்மா மூன்று நாளைக்குக் கட்டி வந்த புளிச்சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதே ரோட்டில் திரும்பி வந்தாள். ஃபேன் சுற்றவில்லை. அந்த மாதம் முழுக்க எங்கள் கடைக்கு வந்தவர்கள் வேட்டியை இழுத்து இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள். அப்பா அதன்பிறகு எங்கும் கிளம்பவில்லை. சாகும் வரை கிளம்பவில்லை.

கதை மட்டும் நன்றாக ஊர் சுற்றியது. குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் அத்தான் தொடங்கிவிடுவார்: "அத்தை கையில சந்தனக் கிண்ணத்தக் குடுத்துராதீகப்பா, வேட்டிக்கு உத்தரவாதமில்ல!" வீடே சிரிக்கும். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அப்பா போன பிறகு ஒருநாள், அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவளிடம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "ஏம்மா அன்னைக்கு நீன்னு சொன்ன?"

நிமிராமல் சொன்னாள். "ஒன்ன வஞ்சிருந்தா நீ வீட்ட விட்டுப் போயிருப்ப. ரோசக்காரப் பய. என்ன வஞ்சா நான் எங்கிட்டுப் போகப் போறேன்?"

"சுருளிக்குப் போவோமாம்மா? நான் கூட்டிட்டுப் போறேன்."

"இனி எதுக்குப்பா" என்றாள். அவரைக்காயை அலசப் போய்விட்டாள்.

போன வருஷம் அம்மாவுக்குக் கருமாதி. பந்தியில் என் பக்கத்து இலையில் அத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே எதிர் வரிசைக்காரர்களிடம் அந்தக் கதையைத் தொடங்கினார். ஆற்றில் போன வேட்டி, மார்க்கையன்கோட்டைக்காரர் தோள், ஆறு மூடி, "நான்தேன் வச்சேன்". அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். பரிமாறுகிறவர் வாளியோடு குனிந்து, "ரசமா?" என்றார். ஊற்றச் சொன்னேன்.