சட்டை சரி, சைக்கிள்தான் தப்பு

நன்னிலம் கடைத்தெருவில் டேப் பாயைத் திட்டாத ஆள் ஒருவன்கூட இருந்ததில்லை. அந்த வரிசையில் முதலில் நின்றவன் நான். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தையெல்லாம் மூட்டை கட்டியிருந்தால் ஒரு நெல் குடோன் நிறைந்திருக்கும். எழுத உட்கார்ந்ததும் அது அப்படியே கிளம்பி வருகிறது. வார்த்தைகள் கொஞ்சம் சூடாக விழும். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

அவர் டெய்லர். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். தொழுகைக்குப் போகும்போது மட்டும் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வார். உண்மைப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். சொந்த ஊர் அதிராம்பட்டினம். அந்த ஊர் இளைஞர்கள் எல்லாம் விமானம் ஏறி வளைகுடாவுக்குப் போன காலத்தில் இவர் மட்டும் பஸ் ஏறி நன்னிலம் வந்தவர். எங்கள் தலையெழுத்து.

தைத்துக் கொடுத்த சட்டையை அவர் ஒருநாளும் திருத்தித் தரமாட்டார். முதுகில் தூக்குகிறது, கை இழுக்கிறது என்று யாராவது போனால் சட்டையைத் தொடக்கூட மாட்டார். "எதுல வந்தீங்க?" என்று கேட்பார். சைக்கிளில் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. எழுந்து வெளியே போவார். சட்டைக்காரனைச் சைக்கிளில் ஏறி உட்காரச் சொல்வார். முதுகு, தோள், கை என்று டேப்பை ஓட்டுவார். பிறகு தீர்ப்புச் சொல்வார்.

"சட்டை சரி. சைக்கிள்தான் தப்பு."

அதோடு விடமாட்டார். ஸ்பேனரை எடுத்துவிடுவார். தபால்காரர் ஒருவர் காலர் இறுக்குகிறது என்று வந்தார். ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி அனுப்பினார். ரைஸ்மில் மேஸ்திரி ஒருவர் அக்குள் கிழிகிறது என்று வந்தார். அவருடைய சீட்டை முன்னால் தள்ளி, சீட்டின் மூக்கைக் கொஞ்சம் தூக்கி வைத்து அனுப்பினார். சர்ச் கல்யாணத்துக்குக் கோட் தைக்கக் கொடுத்த மாப்பிள்ளை தோள் பிடிக்கிறது என்றான்.

"எந்த சைக்கிள் மாப்ள?"

"நான் கார்ல போறேன் பாய்."

"அப்ப கார் சீட்டைக் கொண்டாங்க, பாத்துடுவோம்."

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் ஏன் சட்டை தைக்கக் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். காக்கிச் சட்டைக்குக் காலர் அவரைப் போல் நிற்கவைக்க ஆள் கிடையாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் லஸ்கர். எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வாய்க்கால் தண்ணீருக்குக் காவல்காரன். மதகுப் பலகையை ஏற்றுவேன், இறக்குவேன். கரையில் எங்காவது கசிகிறதா என்று தினமும் சைக்கிளில் போய்ப் பார்ப்பேன். கசிவை ஒருநாள் விட்டால் மறுநாள் உடைப்பு. உடைப்பு என்றால் ஊர் வயல் முழுக்கத் தண்ணீர். இருபது வருடமாக இந்த வேலை.

என் பழைய சைக்கிள் துருப்பிடித்து ஃபிரேம் முறிந்துபோனது. திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் புது கியர் சைக்கிள் ஒன்றை லாரியில் போட்டு அனுப்பினான். பட்டையான டயர், பச்சை பெயிண்ட், தாழ்ந்து போன ஒற்றைக் கம்பி ஹேண்டில். யாருக்காக இதைச் செய்கிறார்களோ தெரியவில்லை. அதில் உட்கார்ந்தால் நாற்று நடுகிற பெண்ணைப் போல் குனிய வேண்டும். அவர்களாவது நட்டு முடித்ததும் நிமிர்வார்கள். எனக்கு நாள் முழுக்க அதே கோலம். உள்ளங்கை மரத்துப்போனது. மதகுச் சாவியைத் திருகினால் பிடி நழுவியது. இடுப்பு, கழுத்து, தோள் எல்லாம் போனது.

அந்தக் கோலத்தில் போய்த்தான் ஒரு கசிவைத் தவறவிட்டேன். கரையின் மறுபக்கம் ஈரம் கோத்திருந்ததை ஒரு விவசாயி பார்த்து ஆபீசுக்கு போன் செய்துவிட்டார். ஆபீசர் கூப்பிட்டார்.

"அந்த வழியாப் போனியா இல்லையா?"

"போனேன் சார்."

"போனேல்ல, கண்ணு எங்க இருந்துச்சு?"

"முன் சக்கரத்துல இருந்துச்சு சார்."

உண்மையைத்தான் சொன்னேன். திமிராகப் பதில் சொன்னதையும் சேர்த்து மெமோ கொடுத்தார். "இன்னொரு தடவை ஆச்சு, கரையை விட்டு எடுத்து ஆபீஸ்ல உட்கார வச்சுடுவேன்" என்றார். ஃபேனுக்குக் கீழே ஃபைல் கட்டிக்கொண்டு உட்கார நான் பிறக்கவில்லை. கரை போனால் எனக்கு ஒன்றுமே இல்லை.

அந்தக் கடுப்போடு நேராக டேப் பாய் கடைக்குப் போனேன். புதுக் காக்கிச் சட்டையை அன்றுதான் போட்டிருந்தேன்.

"பாய், முதுகுல தூக்குது. கை இழுக்குது. இது சட்டையா, சாக்கா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி வாசலில் நின்ற பச்சை சைக்கிளைப் பார்த்தார்.

"அது உங்களுதா தம்பி?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"ஏறி உட்காருங்க."

"நான் சட்டைக்கு வந்தேன்."

"நானும் சட்டையத்தான் சொல்றேன். ஏறுங்க."

ஏறினேன். பின்னால் நின்று பார்த்தார். "முதுகுல ஒரு சாணுக்கு பனியன் தெரியுது. பின்னால வர்றவன் பனியன் சைஸைப் படிச்சுக்கிட்டே வருவான். சட்டை சரி தம்பி. சைக்கிள்தான் தப்பு."

"சட்டையப் பிரிச்சுத் தைங்க. சைக்கிள் மேல கை வச்சீங்க, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் கால் மணி நேரம் அவரைத் திட்டினேன். அந்தக் கால் மணி நேரம்தான் என் தப்பு.

திரும்பி வந்தால் என் சைக்கிளுக்குத் தலை இல்லை. ஹேண்டில் அறுபட்டுத் தரையில் கிடந்தது. முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கில் டெய்லர் சாக்பீஸால் போட்ட நீலக் கோடுகள். பக்கத்துக் கடை வெல்டிங் அந்தோணி கையில் கட்டிங் மிஷினோடு நின்றான். மகன் லாரியில் அனுப்பிய சைக்கிள்.

"யோவ் பாய்! என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"இன்னும் முடியல. கையை நீட்டுங்க." என் கையில் டேப் வைத்தார்.

"அண்ணே, நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான் அந்தோணி.

"வேணாம்னு சொன்னவன் கையில ஏன்டா மிஷின்?"

அவன் மிஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். நான் பாய் பக்கம் திரும்பினேன்.

"சைக்கிள்காரனை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டா வேணாம்பீங்க. அதான் கேக்கல."

என்ன செய்ய? தலையில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் தோள், கை, இடுப்பு எல்லாம் அளந்து சட்டை அளவு எழுதுகிற நோட்டிலேயே எழுதினார். "லஸ்கர்: ஹேண்டில்பார் உயரம் நாற்பத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். ஒரு சாண் பைப்பை வைத்து அந்தோணி பற்றவைத்தான். அதன் மேல் பால்காரர் சைக்கிளில் இருக்குமே, அந்த மாதிரி வளைந்து பின்னால் வருகிற ஹேண்டில்பாரை மாட்டினார்கள். கியர் சைக்கிளுக்கு மாட்டுக் கொம்பு முளைத்தது. கடைத்தெருவில் சும்மா இருப்பார்களா?

"லஸ்கர் அண்ணே, சந்தைக்கா ஓட்டிட்டுப் போறீங்க?"

"பல்லு புடிச்சுப் பாத்துதான வாங்குனீங்க?"

அன்று இரவு மகன் போன் செய்து சைக்கிள் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லா இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பொய்க்கும் டேப் பாய்தான் பொறுப்பு.

மறுநாள் காலை கரையில் போனேன். நேராகப் போகிறவரை ஒன்றுமில்லை. இரண்டாவது மதகுக்கு முன்னால் வலது பக்கம் ஒரு வளைவு. ஹேண்டிலைத் திருப்பினேன். நான் பிரேக்கைத் தொடவே இல்லை. முன் பிரேக் தானாகப் பிடித்தது. சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. நேராக வாய்க்காலுக்குள் போனேன்.

நடவு வயலில் இருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"என்ன லஸ்கரே, தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு உள்ள எறங்கியே பாக்குறீங்களா?"

ஹேண்டிலை ஒரு சாண் தூக்கிய மகான், பிரேக் வயரை நீட்டவில்லை. பழைய நீளம். திருப்பினால் வயர் இழுக்கிறது, வயர் இழுத்தால் பிரேக் பிடிக்கிறது. நாற்பது வருட டெய்லர். துணியில் உள்ளே ஓர் அங்குலம் கூடுதலாகப் பிடிப்பு விடாமல் ஒரு சட்டை தைத்ததில்லை.

சொட்டச் சொட்ட அவர் கடைக்குப் போனேன்.

"துணியில பிடிப்பு விடத் தெரிஞ்ச ஆளுக்கு வயர்ல விடத் தெரியாதாய்யா? செத்திருப்பேன்ய்யா நான்!"

எழுந்து வெளியே வந்தார். வயரைத் தொட்டுப் பார்த்தார். ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினார். "தப்புதான் தம்பி. பிடிப்பு விட மறந்துட்டேன்" என்றார். நோட்டை எடுத்து என் அளவுக்குக் கீழே "வயர் ஒரு சாண் கூட" என்று எழுதினார். எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கத் தொடங்கியது. உடனே தலையைத் தூக்கி என் ஈரச் சட்டையைப் பார்த்தார்.

"நனைஞ்சும் காலர் நிக்குது பாத்தீங்களா?"

போன கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

வயரை மாற்றினார். சீட்டையும் பின்னால் நகர்த்தினார். அதற்குப் பிறகு நான் ஓட்டினேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கை மரக்கவில்லை. கழுத்து தானாக நேராக நின்றது. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் வயல், இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்தன. சட்டை முதுகில் தூக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும். வளைவு தாண்டிப் போகும்போது வயல் பக்கக் கரையடியில் ஒரு சிறிய கலங்கல் தெரிந்தது. தெளிந்த கசிவு என்றால் பயமில்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். இறங்கிப் பார்த்தேன். நண்டு வளை. கை நுழைகிற அளவுக்குப் பெருத்திருந்தது. கீழே அன்று காலை நட்ட வயல். அந்தப் பெண்கள் கையில் இன்னும் சேறு காயவில்லை. கத்தி ஆள் கூப்பிட்டேன். வைக்கோலும் களிமண்ணும் மணல் மூட்டையும் போட்டு மதியத்துக்குள் அடைத்தோம். ஆபீசர் ஜீப்பில் வந்தார்.

"எப்படிய்யா பாத்தே இதை?"

"நிமிந்து பாத்தேன் சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெமோ கொடுக்கவில்லை. கரை என்னிடமே இருந்தது.

சாயங்காலம் டேப் பாயிடம் சொல்லப் போனேன். நன்றி சொல்ல அல்ல, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று சொல்ல. வாசலில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். அவர் மிஷினில் காஜாப் பட்டி தைத்துக்கொண்டிருந்தார். மூக்கு ஊசியைத் தொடுகிற மாதிரி குனிந்திருந்தார். முதுகு வில்லாக வளைந்திருந்தது. இத்தனை வருடம் பார்த்த முதுகுதான். அன்றுதான் கண்ணில் பட்டது. எழுந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நேராக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஊர்ச் சைக்கிளையெல்லாம் தூக்கி நிறுத்திய மனுசன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வாசலிலிருந்தே திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து அந்தோணியைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் போனேன். கழித்துப் போட்ட மதகுப் பலகை ஒன்றைச் சரிவாக இரண்டு கட்டையாக அறுத்து வைத்திருந்தேன். மிஷினின் பின்கால் இரண்டுக்கும் அடியில் கொடுத்தோம். மிஷின் அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. இனி ஊசியைப் பார்க்கக் குனிய வேண்டாம், ஊசியே அவரைப் பார்க்கும்.

பாய் வந்தார். உட்கார்ந்தார். கத்தரி சறுக்கி மடியில் விழுந்தது. நூல் பாபின் உருண்டு தெருவுக்குப் போனது.

"எவன் இதுல கை வச்சது?"

"நான்தான்."

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"நீங்க யாரைக் கேட்டு என் சைக்கிளை அறுத்தீங்க?"

"தம்பி, கத்தரி விழுது!"

"நான் வாய்க்கால்ல விழுந்தேனே, அதுக்கு என்ன சொன்னீங்க?"

பாய் கத்தரியை மடியிலேயே வைத்துக்கொண்டார். முறைத்துக்கொண்டே ஒரு தையல் ஓட்டினார். இன்னொன்று ஓட்டினார். பிறகு கால் நின்றது. எதிர்க்கடையைப் பார்த்தார்.

"அந்தப் போர்டு எப்ப மாத்தினாங்க?"

"அது ஆகுது மூணு வருசம்" என்றான் அந்தோணி.

மிஷின் பலகை ஓரத்தில் சாமான் சறுக்காமல் இருக்க ஒரு சட்டத்தை அவரே ஆணியடித்துக்கொண்டார். கட்டையை எடுக்கச் சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. நானும் சொல்லாதவன்தானே.

போன வருடம் இரண்டாம் போகத் தளடி நடவின்போது அவர் மகள் வந்து அதிராம்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கரையில் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. மிஷினை வேனில் ஏற்றியவர்கள், கட்டை இரண்டையும் விறகு என்று நினைத்து வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தோணியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். திருவாரூரில் மாறி, திருத்துறைப்பூண்டியில் மாறி, வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனேன். வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே போனால், பேத்தியின் பள்ளிக்கூடச் சட்டையை மிஷினில் தைத்துக்கொண்டிருந்தார். மூக்கு ஊசியைத் தொடுகிற மாதிரி. பழைய வில்.

என்னைப் பார்த்ததும் எழவில்லை, வாங்க என்று சொல்லவில்லை. "திரும்புங்க தம்பி" என்றார். திரும்பினேன். என் சட்டையின் முதுகைப் பார்த்தார்.

"தூக்கலைல்ல?"

"தூக்கல."

"நான்தான் சொன்னேன்ல."

பையை இறக்கிக் கட்டைகளை எடுத்தேன்.

"ஐயோ, மறுபடி கத்தரி விழும் தம்பி."

"விழட்டும்."

மிஷினைத் தூக்கிப் பின்கால்களுக்கு அடியில் கட்டைகளைக் கொடுத்தேன். அவர் மகள் தட்டில் தேங்காய்ப்பால் வட்டலாப்பம் வைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிட்டாள். நாலு மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை என்றும் சொன்னாள். இதோ வருகிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு தையல் முழுதாக ஓட்டி முடிக்கும் வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.