நீங்க முதல்ல, சம்பந்தி

என் மதிப்பிற்கும் கொஞ்சம் பயத்திற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வலது முழங்காலும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் இடது தோளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் உங்கள் பெரிய பிள்ளையும் அவர் மனைவி மக்களும் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர்கள் நன்றாக இருப்பதற்கு நீங்கள் போய் அவர்களோடு குடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைக் கடைசிப் பக்கத்தில் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன், முதல் பத்தியிலேயே கொட்டிவிட்டது. போகட்டும். போனில் பேசலாமே என்பீர்கள். போனில் நாம் பேசுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லுங்க, இல்லை நீங்க சொல்லுங்க என்று ஆரம்பித்து, கடைசியில் நீங்க முதல்ல வைங்க, இல்லை நீங்க முதல்ல வைங்க என்று முடியும். நடுவில் விஷயம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

நேற்றுக் காலை என் மகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, "மாமா வீட்டைக் காலி பண்ணிட்டுப் பெரியவர்கிட்டயே போயிடறாராம்ப்பா" என்றாள். எனக்கு அறை விசாலமாக இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னீர்களாம் என்றும் சொன்னாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். "அவருக்கு எது சௌகரியமோ அது" என்றேன். அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாம் இருவரும் தனிக்கட்டையாகி விட்டோம், இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் நடு அறையில் இரண்டு கட்டில் போட்டார்கள், ஒன்று ஜன்னலோரம், ஒன்று அலமாரியோரம். அதற்கு முன்னால், பழகிப் பார்க்கட்டும் என்று நம் முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து நான் இந்த அறைக்கு வந்துவிட்டேன், நீங்கள் இன்னும் வரவில்லை. ஒத்திகை பார்க்கப் போன இடத்தில் என்னமோ நடந்திருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். "அங்க உங்களுக்குள்ள என்னப்பா சண்டை?" என்று கேட்டாள். சண்டையா, ஒரு வார்த்தைகூடத் தடித்துப் பேசவில்லையே என்றேன். "அதான் கேக்கறேன்" என்றாள்.

அவள் கேட்டது சரிதான், சம்பந்தி. நேற்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஊர்களின் பெயர்கள் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. ஆகவே நமக்கு நேர்ந்ததை வைத்தே ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்திருக்கிறேன்: நனைந்த ஊர், பை மட்டும் பார்த்த ஊர், படம் பார்த்த ஊர், லிஃப்ட் ஊர். மற்றவர்கள் அங்கே போய்க் கோட்டையையும் கால்வாயையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் பார்த்ததெல்லாம் 'உங்கள் இஷ்டம்' என்று சொல்லும் உங்கள் முகத்தைத்தான்.

முதலில் பை. இடுப்பிலும் மார்பிலும் வார் வைத்தது, ஒருமுறை மாட்டிக்கொண்டால் கழற்ற இன்னொரு ஆள் வேண்டும். விமானத்தை விட்டு இறங்கியதும் நீங்கள் என் பையைத் தூக்கிக்கொண்டீர்கள். பெண்ணைக் கொடுத்தவர் சுமப்பதாவது என்றீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் கையை வீசிக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து வீடு திரும்பும்வரை உங்கள் பை என் முதுகில், என் பை உங்கள் முதுகில். என் பைக்குள் தடியான சட்ட அகராதி ஒன்று இருந்தது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளனாகக் குப்பை கொட்டியவன், அது இல்லாமல் எங்கும் போய்ப் பழக்கமில்லை. அதை எந்த விடுதியிலாவது விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் மறுநாள் கனம் குறைந்திருப்பதைக் கண்டு, என்னால் தூக்க முடியாது என்று நினைத்துவிட்டாரே என்று நீங்கள் வருத்தப்பட்டால் என்ன செய்வது என்று அதைப் பையிலேயே விட்டுவைத்தேன். உங்கள் தோள் இன்னும் வலிக்கிறது என்றால் அந்த அகராதிதான் காரணம். நனைந்த ஊரில் வானம் பொத்துக்கொண்டு கொட்டியபோது என் குடை உங்கள் முதுகில் இருந்தது, உங்கள் மழைக்கோட்டு என் முதுகில் இருந்தது. அடுத்தவர் பையில் கைவைப்பது நாகரிகமில்லை என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். கல் பாவிய அந்தப் பெரிய சதுக்கத்தின் நடுவில், சுற்றிலும் எல்லோரும் ஓடி ஒதுங்க, நாம் மட்டும் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றோம். நல்ல மழை என்றீர்கள். ஆமாம், நல்ல மழை என்றேன்.

அப்புறம் ரயில். அந்த ஊர் ரயில்களில் கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும், யாருக்காகவும் காத்திருக்காது. பைகளை உள்ளே வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டியதுதான் பாக்கி. நீங்க முதல்ல என்று கையைக் காட்டினீர்கள். வயதில் மூத்தவர் நீங்கள், நான் எப்படி முதலில் ஏறுவது? நானும் கையைக் காட்டினேன். இரண்டு பேரும் கையைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே கதவு மூடிக்கொண்டது. நம் பைகள் ஜன்னலோரமாக ஜம்மென்று கிளம்பிப் போயின. அடுத்த ஊரைப் பைகள்தான் பார்த்தன, நாம் அந்த ஊர் ஸ்டேஷனில் சாமான் அறையைத்தான் பார்த்தோம். அங்கிருந்த அதிகாரி எந்தப் பை யாருடையது என்று கேட்டார். நான் என்னுடையதை உங்களுடையது என்றும், நீங்கள் உங்களுடையதை என்னுடையது என்றும் காட்டினோம். திறந்து பார்த்துவிட்டு அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

இளைஞர் விடுதியில் இரண்டு அடுக்குக் கட்டில்கள் இருந்தன. கீழ்க் கட்டில் உங்களுக்கு இருக்கட்டும் என்று நான் மேலே ஏறினேன், முழங்கால் கதறியது. திரும்பிப் பார்த்தால் எதிர்க் கட்டிலில் நீங்களும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள். கீழே இரண்டும் காலி. அப்புறம் வந்த தாடிக்காரப் பையன் நம் இருவரையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே ஏதாவது பூச்சி கீச்சி இருக்கிறதா என்று குனிந்து தேடினான். ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தீர்கள். உங்களுக்குக் காற்று வேண்டும்போல என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நீங்களும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிடந்ததை வைத்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

படம் பார்த்த ஊரில் ஓவியக் காட்சியகம் முழுக்கக் கால் கடுக்க நடந்தோமே, ஒவ்வொரு கூடத்திலும் உட்காரப் பெஞ்சு போட்டிருந்தார்கள். நீங்கள் உட்காராததால் நான் உட்காரவில்லை, நான் உட்காராததால் நீங்கள் உட்காரவில்லை. சம்பந்திக்குப் படமென்றால் உயிர் என்று நீங்கள் என் மகளிடம் சொன்னீர்களாம். எனக்கு ஓவியத்தில் தெரிந்தது ஒன்றுதான் சம்பந்தி, சட்டம் நேராக மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது. உங்களுக்குப் பிடிக்கிறது என்றல்லவா நான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று தலையாட்டினேன்!

இதெல்லாம் போகட்டும். இவற்றைச் சொல்லிச் சிரித்துவிடலாம். லிஃப்ட் ஊரை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயணம் முழுக்க இங்கே போகலாம், அங்கே போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லாதவர் அன்றைக்குக் காலையில், இந்தத் தெரு வழியாகப் போனால் நிழலாக இருக்குமே என்றீர்கள். வெயிலே இல்லாத ஊரில் நிழல் எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? ஒரு பழைய அலுவலகக் கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனீர்கள். உள்ளே கதவே இல்லாத மரப்பெட்டிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரு பக்கம் மேலே போய்க்கொண்டும் மறுபக்கம் கீழே வந்துகொண்டும் இருந்தன. ஒரு பெட்டியில் இரண்டு பேர் நிற்கலாம். அது எந்த மாடியிலும் நிற்பதில்லை, நாமாகப் பார்த்துக் கால் எடுத்து வைக்க வேண்டும். லிஃப்ட் ஆய்வாளராக இருந்து, லிஃப்டுகளை நிறுத்தி நிறுத்திச் சோதித்துச் சான்று கொடுத்தே காலத்தைக் கழித்தவர் நீங்கள். நிற்கவே நிற்காத ஒன்றின் முன்னால் நின்று, வாய் லேசாகத் திறந்திருக்க, சங்கிலி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். காவலாளிகூட ஏறுங்கள் என்று கை காட்டினார். காலியாக ஒரு பெட்டி வந்தது. நீங்க முதல்ல, சம்பந்தி என்றீர்கள். அதெப்படி, நீங்க முதல்ல என்றேன். பெட்டி போய்விட்டது. அடுத்தது வந்தது, அதுவும் போய்விட்டது. கைநிறையக் கோப்புகளோடு ஒரு பெண் குறுக்கே புகுந்து ஏறிப் போனாள். கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர் ஏறிப் போனார். உங்கள் கை இரண்டு தரம் அந்த மரச்சட்டத்தைத் தொடப்போய்த் திரும்பி வந்தது, நான் பார்த்தேன். பயப்படுகிறார், வற்புறுத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் காவலாளி குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். "நல்லா பராமரிக்கிறாங்க" என்றீர்கள். அதற்கப்புறம் ஸ்டேஷன் வரும்வரை நீங்கள் பேசவில்லை. பசி போலிருக்கிறது என்று உங்களுக்கு ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று என் மகள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு மாப்பிள்ளை வந்தார். "அப்பா ஐரோப்பாவுக்கு வரவே மாட்டேன்னுதான் சொன்னார் மாமா. அந்த லிஃப்ட் இன்னும் ஓடுதுன்னு நான் சொன்னப்புறம்தான் கிளம்பினார். ஏறினாரா?" என்று கேட்டார். பார்த்தோம் என்றேன். "ஏறினாரான்னு கேட்டேன்" என்றார். நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாவி நான், சம்பந்தி. ஒரு காலை எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தால் போதும், நீங்கள் பின்னாலேயே வந்திருப்பீர்கள். ஒரே பெட்டியில் மேலே போயிருப்போம். ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஒரு கண்டத்தைத் தவறவிட்டோம், இப்போது அதே மரியாதையில் ஓர் அறையையும் தவறவிடப் பார்க்கிறோம். அங்கே போக உங்களுக்கே ஆசை என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் எனக்கு விசாலமாக இருக்கட்டும் என்று போகிறீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த விசாலம் எனக்கு வேண்டாம். காலையில் கண் விழித்தால் எதிரே மெத்தை விரித்த காலிக் கட்டில்தான் தெரிகிறது.

ஆகவே ஊரார் பேச்சையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிய நான், இன்று என் பேச்சை எழுதுகிறேன். ஜன்னலோரக் கட்டில் எனக்கு வேண்டும். ஜன்னல் மூடியிருக்க வேண்டும். படுத்துக்கொண்டு படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு, விளக்கை அணைக்கச் சொன்னால் கோபம் வரும். குறட்டை விடுவேன், அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இதில் எதெது உங்களுக்கு ஆகாதோ அதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சத்தம் போடுங்கள். என் வீட்டுக்காரி போன பிறகு என்னோடு சண்டை போட ஓர் ஆள் இல்லை, சம்பந்தி. எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள்.

மற்றபடி உங்கள் பெரிய பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல்லவும், உங்களை அழைத்துப்போக வண்டி பிடித்திருந்தால் அதை நிறுத்தச் சொல்லவும். உங்கள் தோளுக்கு என் வந்தனம்.

இப்படிக்கு,
உங்கள் பையைச் சுமந்தவனும், உங்கள் மருமகளின் தகப்பனுமாகிய நான்.

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நீங்கள்தான். வழக்கமான விசாரிப்புகள்கூட இல்லாமல், "சம்பந்தி, மறைக்காம சொல்லுங்க. நான் அங்க வந்துடவா, இல்லை பெரியவன்கிட்ட போகவா?" என்று கேட்டீர்கள். இத்தனை பக்கங்களையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டே, "உங்களுக்கு எது சௌகரியமோ அதுதான் எனக்கும்" என்று சொல்லித் தொலைத்தேன். சரி என்று சொல்லி, நாம் பழகிய இத்தனை நாளில் முதல் தடவையாக, நீங்கள் முதலில் போனை வைத்துவிட்டீர்கள்.

ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு இந்த வரிகளை எழுதுகிறேன், எழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும். இன்னும் சற்று நேரத்தில் உங்கள் வீட்டு மணியை அடிப்பேன். நீங்கள் கதவைத் திறந்து நீங்க முதல்ல என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே நுழைந்து, இந்தக் கடிதத்தை உங்கள் கையில் திணித்துவிட்டு, கட்டி வைத்திருக்கும் உங்கள் பையை எடுத்து என் முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்துவிடுவேன். அதைக் கழற்ற இன்னொரு ஆள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்து கழற்றும்வரை ஜன்னலோரக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.