அகலத்துக்கு ஏற்ற சத்தம்

செஞ்சியில் கிணற்று ஆழச் சரிபார்ப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. ஆழத்தைச் சரிபார்க்கக் கயிறு வேண்டும்; கயிறு வாங்க மேலிடத்து ஒப்புதல் வரவில்லை. எனவே கிணற்றின் வாயகலத்தை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, வந்ததை ஆழம் என்று எழுதிக்கொள்வது நடைமுறையாக இருந்தது. தொண்டூர் பச்சமுத்து ஒருநாள் சொந்தக் கயிற்றோடு வந்து, தன் கிணறு அதைவிட ஆழம் என்று வாதாடினார். கூடுதல் ஆழத்தை உடனடியாக மண் கொட்டி மூடும்படி அவருக்கு உத்தரவு போயிற்று. மூடினாரா என்று இறங்கிப் பார்க்கவும் கயிறு இல்லை.

அந்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர் ரியாசுதீன். கல்யாணமான புதிதில் அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். புத்தக அலமாரியில் வைக்கிற ரகம். இரண்டு தடித்த அகராதிகளை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் கேசட் போடுவார். மனைவி ஹபீபுன்னிசா டீ கொண்டுவருவாள். பாடுகிறவர் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். அந்த மூச்சைக் கேட்பதற்காகவே ஹபீபுன்னிசா வெங்காயம் நறுக்குவதைச் சற்று நிறுத்துவாள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் சாயங்காலம் என்பது அதுதான்.

இந்த நிலையில் புதிய அதிகாரியாக ராமகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். அவருடைய சாமான் லாரியிலிருந்து முதலில் இறங்கியவை இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஆள் மார்பு உயரம். பாட்டு போட்டால் முகப்பில் சிவப்பும் பச்சையுமாக பல்பு எரிந்து அணையும். அடுத்த சம்பளத்துக்குள் டைப்பிஸ்ட் வீட்டிலும் சர்வேயர் வீட்டிலும் பெரிய பெட்டி வந்துவிட்டது. சைக்கிள் கடை கௌஸ் பாஷாகூட வாங்கி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று பேசுவதில்லை; எத்தனை இஞ்ச் என்றுதான் பேசினார்கள்.

ரம்ஜானுக்கு ராமகிருஷ்ணன் ரியாசுதீன் வீட்டுக்கு பிரியாணி சாப்பிட வந்தார். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தவர், ரியாசுதீன் போட்ட பாட்டை முடியும்வரை கேட்டார். பிறகு எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒளித்து வைத்த பெரிய பெட்டி எதுவும் இல்லை என்று உறுதியானதும், முகம் வாடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பாய், உங்க ஸ்பீக்கர் அகலம் எவ்ளோ?"

"ஒரு சாண் இருக்கும் சார்."

"ஒரு சாண் அகலத்துக்கு அவ்ளோ சத்தம் எப்படி வருது?"

"வருதுங்க சார். நல்லாவே வருது."

"வருதுன்றது வேற பாய். வரலாமான்றது வேற."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். அகலத்தை மீறிய ஆழம் கூடாது என்பது துறையின் கொள்கை. அந்தத் துறையின் தலைமை எழுத்தரே அகலத்தை மீறிச் சத்தம் வருகிற சாதனத்தை வீட்டில் வைத்திருந்தால், எந்த முகத்தோடு பச்சமுத்துவைக் கிணற்றை மூடச் சொல்வது? கண்காணிப்பாளர் பதவி காலியாக இருப்பதையும், அதற்கு ரியாசுதீனைப் பற்றித் தான்தான் எழுதி அனுப்ப வேண்டியிருப்பதையும் கடைசியில், சம்பந்தமில்லாத விஷயம் போலச் சொல்லி வைத்தார்.

ரியாசுதீனுக்குத் தூக்கம் போயிற்று. பதவியும் வேண்டும், பாட்டும் வேண்டும். சாயங்காலங்களில் அந்தச் சின்ன ஸ்பீக்கர்களை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுப்புரம் போய்ப் பெரிய பெட்டிகளைக் கேட்டுப் பார்த்தார். பாடகர் அண்டாவுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

ஹபீபுன்னிசா டீயை அவர் முன்னால் வைத்தாள்.

"அவருக்குப் பொட்டிதான பெருசா இருக்கணும்? பொட்டிய மட்டும் பெருசாக்குங்க."

தச்சர் ஜகபர் அலி மார்பு உயரத்துக்கு இரண்டு பெட்டி செய்து கொடுத்தார். முன்னால் கறுப்புத் துணி, மேலே பல்பு வரிசை. உள்ளே ஒரு பலகையில் பழைய ஸ்பீக்கர்கள். பெட்டிகள் சமையலறை வாசலுக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள் போல நின்றன. அதிகாரியும் அலுவலகமும் கேட்க வந்தார்கள். ராமகிருஷ்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இப்போதுதான் அகலத்துக்கு ஏற்ற சத்தம் வருகிறது என்று தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே ரியாசுதீன் கண்காணிப்பாளர் ஆனார்.

உண்மையில் மரமும் துணியும் சேர்ந்து பாட்டின் வாயைப் பொத்தியிருந்தன. மூச்சு கேட்கவில்லை. ஹபீபுன்னிசாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அதிகாரிதான் பார்த்தாயிற்றே, இனி வெளியே எடுத்து வைக்கலாமே என்று கணவரிடம் சொன்னாள்.

"ஒனக்குப் பழக்கமில்ல," என்றார் ரியாசுதீன். "அடிச்சத்தம், அந்த பேஸ், எப்படி எறங்குது பாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. பதவியோடு சேர்ந்து காதுக்கும் உயர்வு கிடைத்திருந்தது. பிரியாணியில் உப்பில்லை என்று அவர் சொன்னபோதுகூட அவளுக்கு அவ்வளவு வருத்தம் வந்ததில்லை.

மறுநாள் அவர் அலுவலகம் போனதும், பின்பலகையைக் கழற்றி ஸ்பீக்கர்களை வெளியே எடுத்தாள். வயரை நீட்டிச் சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் நடுவில் வைத்தாள். சாயங்காலம் மூச்சு திரும்பி வந்தது. கூடத்தில் காலிப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருந்த ரியாசுதீன் நிமிர்ந்தார். பெரிய பெட்டி பழகப் பழகத்தான் தொண்டை திறக்கும் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

எலித்தொல்லை இருந்த வீடு. சும்மா நிற்கிற பெட்டிகளில் அவள் ரேஷன் அரிசியைக் கொட்டி வைத்தாள். அடுத்த முறை வந்த ராமகிருஷ்ணன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. கனம் இருந்தால்தான் பேஸ் இருக்கும் என்று சுற்றியிருந்தவர்களுக்கு அறிவுறுத்தினார். சர்வேயர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். கனமான பெட்டிதான் பெட்டி என்பது ஊர்ப் பேச்சாயிற்று. ராமகிருஷ்ணன் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு ஆளுயரப் பெட்டி சொன்னார்.

அதிகாரி ஏறினால் கண்காணிப்பாளரும் ஏற வேண்டும். ஆனால் ரியாசுதீனுக்கு மனைவியிடம் பேசப் பயம். அவள் எப்படியும் எதிர்ப்பாள் என்று நினைத்து, இரண்டாவது டீயும் குடித்து முடித்த பிறகுதான் பேச்செடுத்தார்.

"மாத்துங்க," என்றாள் ஹபீபுன்னிசா. "இதவிட ரெண்டு பங்கு பெருசாவே சொல்லுங்க. பின்னால ஒரு கதவு மட்டும் வெக்கச் சொல்லுங்க."

தை மாதம் தளவானூரிலிருந்து அவளுடைய அண்ணன் புது நெல் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். ரியாசுதீனுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. இவளுக்கும் ஒருவழியாக இசையில் பிடிமானம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே ஜகபர் அலி பட்டறைக்குப் போனார்.

பட்டறையில் ஏற்கெனவே கூட்டம். டைப்பிஸ்ட் வீட்டுக் கமலாம்பாளுக்கும், சர்வேயர் வீட்டுச் செல்லம்மாளுக்கும், ஏன், அதிகாரி வீட்டு மீனம்பாளுக்கும்கூடப் பின்கதவோடுதான் பெட்டி வேண்டுமாம். அந்தத் தை மாதம் செஞ்சியில் எல்லா வீட்டிலும் பேஸ் பிரமாதமாக இருந்தது.