மைக் அண்ணையும் ஒரு கொண்டலாத்தியும்

ஐரோப்பாவில் ஏதாவது ஒரு ஒலிபெருக்கிக்குக் காது வலித்திருந்தால், அது மைக் அண்ணைக்கு முன்னால் நின்ற ஒலிபெருக்கியாகத்தான் இருக்கும். ஜெர்மனியில் எங்கள் டோர்ட்மண்ட் நகரத்தில் தமிழர் கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியோ, அறிவிப்பாளர் அவர்தான். கையில் மைக் இருக்கும். அது சும்மா ஒரு மரியாதைக்கு. அவருடைய சொந்தப் பெயரை நான் பல வருடம் கேட்டதுமில்லை, எவரும் சொன்னதுமில்லை.

ஒரு கல்யாணத்தில், மண்டப வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரின் சொந்தக்காரர் உடனே வரவும் என்று தமிழிலும் ஜெர்மனிலும் அறிவித்தார். மண்டபத்துக்குள் ஒருவரும் அசையவில்லை. வீதிக்கு அந்தப் பக்கத்து மாடிவீட்டிலிருந்து ஒரு ஜெர்மன்காரர் வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடிவந்து தன் காரை எடுத்துக்கொண்டு போனார். அது வெள்ளைக் கார்கூட இல்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் தகரம் அடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே உழைத்த மனிதர். அங்கே பழகின குரலை வேலைச் சட்டையோடு சேர்த்துக் கழற்றிவைக்க அவருக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் உப்புக் கேட்டால் மேல்மாடிக்காரி உப்புக் கொண்டுவருவாள் என்று நாங்கள் பகிடி விடுவோம்.

இதில் பெரிய அநியாயம், அவருடைய மனைவியையும் 'மைக் அக்கா' என்று எல்லோரும் கூப்பிட்டதுதான். அக்கா ஒரு வசனம் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் 'என்ன சொன்னனீங்கள்?' என்று ஒருமுறையாவது கேட்காமல் விடமாட்டார். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலடியில் நின்று மரங்களைப் பார்த்துப் பார்த்தே பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊரில் யுத்தம் நடந்த காலத்தில் நாங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தது குருவிக்காக அல்ல, குண்டு போட வரும் விமானத்துக்காக. அதனாலோ என்னவோ, பயமில்லாமல் மேலே பார்க்கிற சுகம் அக்காவுக்கு நன்றாகப் பிடித்துப்போனது.

அந்த இல்லத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு மாதத்துக்குக் கொண்டலாத்தி என்ற பறவையின் படம் போட்டிருந்தார்கள். தலையில் விரித்த விசிறிபோல ஒரு கொண்டை, இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமாக வரி. மாதம் முடிந்ததும் அக்கா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் அதைக் காண்பது அருமை. தெற்கே, வெயில் நாட்டில், கோழி மாதிரி நிலத்தில் நடந்து திரியுமாம். வேலையால் ஓய்வு பெற்றதும் போய் அந்தக் கொண்டை விரிவதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நான் அறிய அக்கா தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

இருவரும் ஓய்வு பெற்றார்கள். அண்ணை, படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பழைய பயண வண்டியை வாங்கினார். மாறி மாறி ஓட்ட இன்னொரு ஆள் தேவை என்று என்னைக் கேட்டார். நானும் அப்போதுதான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். என் மனைவியிடம் யோசித்துச் சொல்வோம் என்றேன். அவள் யோசிக்கவில்லை, என் பெட்டியை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

ஜெர்மனி எல்லை தாண்டும்போதே அண்ணையின் அறிவிப்புத் தொடங்கியது. "அன்பார்ந்த பயணிகளே, நாங்கள் இப்ப பிரான்சுக்குள்ளை நுழையிறம். இடப்பக்கம் மாடு. வலப்பக்கமும் மாடு."

"இஞ்சருங்கோ, மெல்லமாக் கதையுங்கோ," என்றார் அக்கா.

"மெல்லமாத்தானே கதைக்கிறன்."

வலப்பக்கத்து மாடுகள் எங்களைத் திரும்பிப் பார்த்தன.

தென் பிரான்சின் கடலோரத்தில் ஒரு உப்பு ஏரி. பூநாரைகள் கூட்டமாக ஒற்றைக் காலில் நின்றன. கரையில் முக்காலியில் கமரா பூட்டியபடி எங்களைப்போல ஓய்வு பெற்ற ஜெர்மன்காரர் வரிசையாக நின்றார்கள். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அண்ணை வண்டியால் இறங்கினார். "ரசிகப் பெருமக்களே, இதோ உங்கள் கண்முன்னே பூநாரைகள்" என்றார். பாதி ஏரி எழும்பிப் பறந்தது. ஒரு அம்மா திரும்பி உதட்டில் விரலை வைத்தார். அண்ணை வெட்கப்பட்டு, ஜெர்மனில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அது தொழிற்சாலைக் குரல். மிச்சப் பாதி ஏரியும் பறந்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பறக்கும்போதுதான் பூநாரையின் இறக்கைக்குள் இருக்கிற சிவப்புத் தெரியும். அந்த அம்மாவின் கணவர் அடுத்தடுத்துப் படம் எடுத்துத் தள்ளிவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் அண்ணைக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஸ்பெயினின் தெற்கில்தான் உண்மையான சோதனை. கொண்டலாத்தி அங்கே இருந்தது. பிரச்சினை என்னவென்றால், அதை எப்போதும் முதலில் காண்பவர் அண்ணை. அந்த மனிதருக்குக் கழுகுக் கண். ஒலிவ் தோட்டத்தில் கண்டார். "அந்தா, கல்லுக்குப் பக்கத்திலை நிக்குது பார்" என்றார். பிறகு கல் மட்டும் நின்றது. தெருவோரத்தில் கண்டார், அதுவும் அப்படியே. அக்கா பைனாகுலரைத் தூக்கும்போது வால்தான் மிச்சம் இருக்கும். அக்காவும் ஒரு உபாயம் செய்து பார்த்தார். வண்டியால் இறங்கும்போதே அண்ணையின் வாயில் ஒரு பனங்கட்டித் துண்டை வைத்துவிட்டார். அன்று அண்ணை ஒரு வார்த்தை பேசவில்லை. கொண்டலாத்தியைக் கண்ட சந்தோஷத்தில் பனங்கட்டியைக் கடித்தார். அந்தச் சத்தத்துக்கே அது போய்விட்டது.

இப்படியே நாட்கள் கழிந்தன. வெயில், நல்ல மீன், மத்தியான நித்திரை என்று எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்காவும் முகம் சுளிக்கவில்லை. கொண்டலாத்தியின் வாலைப் பற்றி இனி ஒரு புத்தகமே எழுதலாம் என்று சிரித்தார். ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீடு திரும்ப வேண்டியிருந்தது. கடைசிக் காலையும் வந்தது. ஒரு சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், பைன் மரங்களுக்குக் கீழே வண்டியை நிறுத்தியிருந்தோம். கொஞ்சத் தூரம் நடந்தால் பறவை பார்க்கிற மரக்குடில்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு நீங்கள் வண்டியடியிலை இருங்கோ. நானும் தம்பியும் போட்டு வாறம்."

"நான் வாய் திறக்கமாட்டன்."

"அதையே எவ்வளவு சத்தமாச் சொல்லுறியள்."

"சரி, போட்டு வாங்கோ," என்றார் அண்ணை. அவர் இவ்வளவு சின்னதாகப் பேசி நான் கேட்டதில்லை. மடிப்புக் கதிரையை எடுத்து வெளியே போட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

குடிலுக்குள் நல்ல அமைதி. நீண்ட காலோடு உள்ளான்கள் தண்ணீரில் நடந்தன, கொக்குகள் வந்து இறங்கின. எதுவும் பறந்து ஓடவில்லை. ஒரு பறவை நின்ற இடத்திலேயே நிற்பதை அந்தப் பயணத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். கொண்டலாத்தி மட்டும் வரவில்லை. அக்கா பைனாகுலரை இறக்கிவிட்டு வண்டி நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவர் இல்லாமல் ஒரு மாதிரித்தான் கிடக்கு, என்ன தம்பி?"

"ஓம் அக்கா."

காத்திருந்து அலுத்து, திரும்பி நடந்தோம். மரங்களுக்கு நடுவே வண்டி தெரிந்தது. நாங்கள் தலை காட்டினாலே 'இதோ வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று அறிவிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணை கதிரையில் இருந்தார். தேத்தண்ணிக் கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. ஆள் அசையவில்லை.

அக்கா நின்றார். "தம்பி, ஏன் சத்தத்தைக் காணேல்லை?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா ஓடத் தொடங்கிவிட்டார். பைனாகுலர் நெஞ்சில் அடிக்க அடிக்க ஓடினார். "இஞ்சருங்கோ" என்று ஒரு குரல் வைத்தார் பாருங்கள். அந்த வீட்டில் உண்மையான மைக் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அண்ணையின் காலடியிலிருந்து ஒரு கொண்டலாத்தி எழும்பியது. கொண்டை முழுதாக விரிந்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இறக்கையை அடித்துக்கொண்டு, கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற உயரத்தில், அக்காவின் தலைக்கு மேலால் போனது. நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. அண்ணையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா செய்யுது? நெஞ்சு நோகுதோ? ஏன் கதைக்காமல் இருந்தனீங்கள்?"

"கலைச்சுப்போட்டியேயப்பா," என்றார் அண்ணை. கிசுகிசுக் குரல். அவருக்கு அது வரும் என்பதே எனக்குத் தெரியாது. "நீங்கள் அங்காலை போன கையோடை வந்திட்டுது. உன்னைக் கூப்பிட்டால் பறந்திடும். கூப்பிடாட்டில் நீ பாக்கமாட்டாய். நான் என்ன செய்யிறது? நீ வருமட்டும் வைச்சிருப்பம் எண்டு அசையாமல் இருந்தன். கையும் விறைச்சுப்போச்சு."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணையின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார்.

"எனக்கு உயிரே போட்டுது. இனி ஒரு நாளும் இப்பிடி வாயை மூடிக்கொண்டு இருக்காதேங்கோ, சொல்லிப்போட்டன்."

"அக்கா, அது உங்கட தலைக்கு மேலாலைதான் போனது," என்றேன், ஏதோ சொல்ல வேண்டுமே என்று.

"போகட்டும் தம்பி." அண்ணையின் கதிரைக்குப் பக்கத்தில் பைன் இலைகளுக்கு மேல் அப்படியே இருந்துவிட்டார். "சரி, நீங்கள் சொல்லுங்கோ. எப்பிடி வந்தது? கொண்டையை விரிச்சதோ?"

அண்ணை தொண்டையைச் செருமினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அது எந்த மரத்திலிருந்து இறங்கியது, இறங்கும்போது கொண்டை எப்படி விரிந்து எப்படி மடிந்தது, மண்ணுக்குள் சொண்டை விட்டு எந்தப் புழுவை இழுத்தது, அவரை எத்தனை தரம் தலை சரித்துப் பார்த்தது என்று ஒன்றும் விடாமல், நேரில் நடப்பதுபோலவே அறிவிக்கத் தொடங்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நானும் இருந்து கேட்டேன். பறவையை என் கண்ணால் பார்த்தவன் நான். ஆனாலும் அவர் சொன்ன கொண்டலாத்தி இன்னும் வடிவாக இருந்தது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இன்னும் ஆயிரம் மைல் போகலாம்போல இருந்தது.

மரத்தில் இருந்த குருவிகள் பறந்தன. சதுப்பு நிலத்துக் கொக்குகள் எழும்பின. அக்கா ஒருமுறைகூட 'மெல்லமாக் கதையுங்கோ' என்று சொல்லவில்லை.