மோகனராஜ் திருப்பி வைத்த கேமரா

"என் தங்கச்சி வாயில்லாப் பூச்சி, மாப்ள. நீ கொடுத்து வச்சவன்."

மச்சான் பக்கிரிசாமி இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வடையை எடுத்தார். மோகனராஜ் கடித்த வடையைத் தட்டிலேயே திரும்பப் போட்டார். வாயில்லாப் பூச்சியாம்! காடியில் ஏறி பெல்ட்டைப் போட்டதிலிருந்து இறங்குகிற வரைக்கும் வாய் ஓயாத பூச்சி ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது அவருடைய பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. சொன்னால் யார் நம்புவார்கள்? நாலு பேருக்கு முன்னால் அவர் மனைவி ஜெயலெட்சுமிக்கு அப்படி ஓர் அடக்கம்!

அன்றைக்கே சபதம் போட்டார். ஆதாரம் திரட்ட வேண்டும். தீபாவளிக்குக் குடும்பம் மொத்தமும் கூடும்போது பெரிய டிவியில் போட்டுக் காட்ட வேண்டும். பக்கிரிசாமியை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

மறுநாளே காடியில் டாஷ்கேம் ஏறியது. ஊரில் எல்லார் காடியிலும் அந்தக் கேமரா ரோட்டைப் பார்த்துப் படமும் சத்தமும் பதிவு பண்ணும். மோகனராஜ் மட்டும் அதன் மூஞ்சியைத் திருப்பி உள்ளே பார்க்க வைத்தார்.

"என்னாங்க, இது நம்மளையே பாக்குது?"

"புது மாடல்லா. அப்படித்தான் பாக்கும்."

"ஓ," என்றாள் ஜெயலெட்சுமி. அதோடு விட்டுவிட்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமே! "முன்னால மோட்டரு வருது... லெஃப்ட்ல பள்ளம்... மஞ்சளாயிருச்சு, மெதுவா... எங்க பாக்குறீங்க, ரோட்டப் பாருங்க!" முன்பெல்லாம் இதைக் கேட்டால் மோகனராஜுக்கு ரத்தம் கொதிக்கும். இப்போது காதில் தேன் பாய்ந்தது. பேசு தாயே, நல்லாப் பேசு என்று மனசுக்குள் கும்பிட்டபடியே ஓட்டினார். மூன்று வாரம் இப்படி ஆனந்தமாகப் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் சனி பிடித்தது. சந்திப்பில் பச்சை விழுந்தது. மோகனராஜ் காடியை எடுத்தார். வலப்பக்கத்திலிருந்து ஒரு வேன், சிவப்பைச் சட்டையே பண்ணாமல் பாய்ந்து வந்து பின்கதவில் மோதியது. முருகன் புண்ணியத்தில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் வேன்காரன் இறங்கியதும் இறங்காததுமாக, "நீதான் சிவப்புல வந்த!" என்று கத்தினான். போலீஸ் பாலாய்க்குப் போய் அப்படியே ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டான். பார்த்தவர்கள் என்று வேறு யாரும் முன்வரவில்லை.

"கவனமில்லாம ஓட்டினதா கோர்ட்டுக்குப் போகலாம். லைசென்ஸும் போகலாம்," என்றார் விசாரணை சார்ஜன் ஸுல்கிஃப்லி.

மோகனராஜுக்கு வேலை, கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் உள்ள ஃபேக்டரியில். காடி இல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது. அதே ஃபேக்டரியில்தான் பக்கிரிசாமிக்கும் வேலை.

"அதனால என்னா மாப்ள? தினம் நான் ஏத்திக்கிட்டுப் போறேன்லா," என்றார் அவர் பெரிய மனசோடு.

பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தங்கச்சி புராணம். சாயந்திரம் திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து மறுபடியும். அதற்கு ஜெயிலே தேவலை என்று பட்டது மோகனராஜுக்கு.

லாயர் தேடி அலைந்தார். பள்ளிக்கூட சிநேகிதர் ஒருவர், "நான் வீடு, நிலம் மட்டும்தான் பாக்குறேன்," என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பீச் ஸ்திரீட்டில் பளபளவென்று ஆபீஸ் வைத்திருந்த இன்னொருவர், "குத்தத்த ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டிருங்க," என்றார்.

"பச்சைலதான் சார் வந்தேன்!" மோகனராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத யாரு பாத்தா?"

கடைசியில் ஜெயலெட்சுமிதான் நிரோஷாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். வக்கீலாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. இந்தச் சின்னப் பெண்ணா என்று மோகனராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவள் கேட்ட முதல் கேள்வியிலேயே அவருக்குக் குப்பென்று வேர்த்தது.

"அங்கிள், காடியில டாஷ்கேம் இருக்கா?"

இருக்கிறது என்றால் போடு என்பாள். போட்டால் ரோடு தெரியாது, ஜெயலெட்சுமியின் முகம்தான் தெரியும். மூன்று வாரத்துக்கும் தெரியும். சொன்னால் வீட்டில் கேஸ். சொல்லாவிட்டால் கோர்ட்டில் கேஸ். கோர்ட்டிலாவது அப்பீல் உண்டு.

"இருந்துச்சும்மா. கெட்டுப்போச்சு."

ஜெயலெட்சுமி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் காடி கிடந்த பட்டறைக்கு ஓடினார், கார்டைக் கழற்றிக் கடலில் வீசிவிடலாமென்று. கேமரா இருந்தது. கார்டைக் காணோம். சீட்டுக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது நிரோஷா போன் பண்ணினாள்.

"அங்கிள், உடனே வாங்க. ஆண்டி இங்கதான் இருக்காங்க."

போனார். நிரோஷாவின் கம்ப்யூட்டரில் ஜெயலெட்சுமியின் முகம் நிறைந்திருந்தது. கன்னத்தில் பவுடர், நெற்றியில் விபூதி. குரல் கணீரென்று வந்தது.

"சிவப்பு, நில்லுங்க. எருமை மாடு மாதிரி கோட்டத் தாண்டாதீங்க! இன்னும் சிவப்புதான், என்னா அவசரம்? ம்... பச்சை விழுந்துருச்சு. உடனே பாயாதீங்க. சரி, இப்பப் போங்க."

டமால்!

"இதவிட நல்ல சாட்சி எங்க கிடைக்கும் அங்கிள்?" என்றாள் நிரோஷா. "மோதுறதுக்கு முன்னாடியே சொன்னது. கட்டிவிட்ட கதைன்னு யாரும் சொல்ல முடியாது."

மோகனராஜ் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு... எப்பத் தெரியும்?"

"மொத நாளே. பக்கத்து வீட்டு ஹனா காடியிலயும் இதே மாடல்தானே? அது ரோட்டப் பாக்குது. அதான் தினம் பவுடர் போட்டுக்கிட்டு ஏறினேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எங்கண்ணனுக்குக் காட்டத்தானே எடுத்தீங்க? உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நேத்து நானே கார்டக் கழட்டி மொத்தத்தையும் அனுப்பிட்டேன்."

அந்த நிலைமையிலும் மோகனராஜுக்கு ஒரு நப்பாசை. "மச்சான் என்னா சொன்னாரு?"

"'ஐயோ பாவம், மாப்ளைக்குக் கண்ணு தெரியலையா? எல்லாத்தையும் நீதானே பாத்துச் சொல்ல வேண்டியிருக்கு'ன்னு ஒரே அழுகை."

பாலாயில் சார்ஜன் ஸுல்கிஃப்லி லைசென்சை வாங்கிச் சரிபார்த்து மேசை மேல் வைத்துக்கொண்டு, பதிவைக் கேட்டார். நிரோஷா வரிக்கு வரி மலாயில் சொன்னாள். ஓரிடத்தில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எருமையா? எங்க எருமை வந்துச்சு?"

"அது அன்பா வீட்டுக்காரரைக் கூப்பிடுறது, துவான்," என்று மரியாதையாகச் சமாளித்தாள் நிரோஷா.

"ஓ," என்று அவர் ஒரு தடவை மோகனராஜைப் பார்த்துத் தலையாட்டினார். "எங்க வீட்டுலயும் எனக்கு ஒரு பேரு இருக்கு."

வேன்காரனையும் வரவழைத்துக் கேட்க வைத்தார்கள். இரண்டாம் தடவை ஓடி முடிவதற்குள் அவன், அவசரத்தில் சிவப்பில் வந்துவிட்டதாக ஒத்துக்கொண்டான். சம்மன் அவன் பேருக்கு எழுதப்பட்டது. மோகனராஜ் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை.

ஜெயித்தாயிற்று! மோகனராஜுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் ஓட்டினா அப்படித்தான் துவான். சட்டம்னா சட்டம். ஒரு சிவப்பத் தாண்டினது கிடையாது," என்று பாலாய் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, லைசென்சுக்காகக் கையை நீட்டினார்.

ஸுல்கிஃப்லி லைசென்சை எடுத்தார். நீட்டிய கையைத் தாண்டிப் போய் அதை ஜெயலெட்சுமியிடம் மரியாதையாகக் கொடுத்தார்.

"பத்திரமா வச்சுக்குங்க, புவான். காடி ஓட்டுறவங்க கையிலதான் இது இருக்கணும்."