மரியாதை மாட்யூல்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்த ஒன்றைச் சாவின் வாயிலிருந்து மீட்பதற்காக, நல்லகாமன் ஒரு காலில் ஷூவும் மறு காலில் பாத்ரூம் செருப்புமாகக் காளவாசல் சந்திப்பில் மொபெட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

சிவப்பு விளக்கு. அவர் நிற்கவில்லை.

"யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று ஓர் ஆட்டோ சீறியது.

"எமர்ஜென்ஸிண்ணே!"

எமர்ஜென்ஸிதான். சற்று முன்புதான் அவருடைய அலுவலகத்தில் போன் அலறியது. பேசியவள் ஜெயக்கொடி, விளக்குத்தூண் பக்கம் இருக்கும் மொத்த வேட்டிக் கடையின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். குரலில் வீடு பற்றி எரிந்தது.

"சார்... அண்ணனும் தம்பியும் பேசிட்டாங்க சார்!"

"எது வழியா?"

"வாய் வழியா சார்!"

நல்லகாமனுக்கு மறுகால் ஷூ தட்டுப்படவில்லை. கிளம்பிவிட்டார்.

2002-ஆம் வருடத்து மதுரைக்கு இப்படியொரு மேதை கிடைத்தது ஊர் செய்த பாக்கியம். நல்லகாமன் என்பது ரேஷன் கார்டுப் பெயர். விசிட்டிங் கார்டில் 'என்.கே. மன், சீஃப் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்'. பரோட்டாக் கடை மாடியில் 'குளோபல் ஹெட்குவார்ட்டர்ஸ்'. ஊழியர் படை என்று பார்த்தால் அசாருதீன். விற்கும் சரக்கு, மிடில்வேர்.

அது என்ன என்று கேட்கும் பாமரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் பழைய சாஃப்ட்வேர் இரண்டு இருக்கும். ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது. காசு போட்டு வாங்கியது, தூக்கி எறியவும் மனம் வராது. அப்போது நடுவில் மிடில்வேர் வந்து உட்காரும். இதனிடம் வாங்கி அதனிடம் கொடுக்கும், அதனிடம் வாங்கி இதனிடம் கொடுக்கும். இரண்டு தரப்பும் இருந்தபடியே இருக்கலாம். யாரும் திருந்த வேண்டியதில்லை. இவ்வளவு வசதியான தத்துவத்தை எந்த மகானும் இதற்கு முன் அருளியதில்லை.

இதை வெளிநாட்டுக்காரன் வங்கிக்கும் விமான கம்பெனிக்கும் விற்றுக்கொண்டிருந்தான். நல்லகாமன் குடும்பங்களுக்கு விற்றார். அங்கேதான் மேதைமை. 'மார்க்கெட் சர்வே' என்ற பெயரில் அவர் டீக்கடைகளில் உட்கார்ந்து விசாரித்தது ஒரே விஷயம்தான்: யார் வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை? டி. கல்லுப்பட்டியில் பங்காளிகள் முகம் பார்க்காத எண்ணெய் மில். விளாங்குடியில் மாமனும் மருமகனும் முறைத்துக்கொண்டே நடத்தும் அரிசி மண்டி. மதுரை முழுக்கச் சந்தை பரந்து கிடந்தது. ஆனால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "முதல்ல அந்த வேட்டிக் கடையில ஓடுதான்னு காட்டுங்க. பார்த்துட்டுச் சொல்றோம்."

அந்த வேட்டிக் கடையின் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் நாளை காலை கையெழுத்தாக வேண்டும். அது போனால் எண்ணெய் மில் போகும், அரிசி மண்டி போகும், பரோட்டாக் கடை மாடியும் போகும். இந்த லட்சணத்தில்தான் அண்ணனும் தம்பியும் வாயைத் திறந்திருந்தார்கள்.

அண்ணன் துளசிராம் முன்னால் கடையைப் பார்ப்பார். தம்பி கிரிதரன் பின்னால் குடோனைப் பார்ப்பார். சௌராஷ்டிரக் குடும்பம், அப்பா காலத்திலிருந்து ஒரே கல்லா. மூன்று வருடங்களுக்கு முன்புதான் நவீனம் உள்ளே வந்தது. அண்ணன் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தம்பி விடுவாரா? குடோனுக்கு ஒன்று வாங்கினார். அடுத்த ஆடிக்குள் விபரீதம். இத்தனை வேட்டி அனுப்பினேன் என்றது குடோன் கம்ப்யூட்டர். இவ்வளவுதான் வந்தது என்றது கடைக் கம்ப்யூட்டர். நூற்றுக்கணக்கில் இடித்தது.

கொடுக்காமலே கொடுத்ததாகத் தம்பி எழுதுகிறான் என்றார் அண்ணன். வாங்கியதை அண்ணன் அமுக்கிவிட்டார் என்றார் தம்பி. மனுசன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் சொல்லாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. கடைக்கும் குடோனுக்கும் நடுவில் கூரை வரை ப்ளைவுட் எழும்பியது; கட்டு போய்வர ஒரு கதவு மட்டும்.

அந்த ப்ளைவுட்டைத்தான் நல்லகாமன் 'ஆப்பர்ச்சூனிட்டி' என்று அழைத்தார்.

அவர் செய்த ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள். அண்ணனுக்கு நாலு கட்டு வேட்டி வேண்டும். ஜெயக்கொடியிடம் சொல்வார். அவள் டைப் அடிப்பாள். செய்தி போன் கம்பி வழியாகக் காளவாசல் போகும். பரோட்டாக் கடை மாடியில் இளைப்பாறும். அங்கிருந்து கிளம்பித் திரும்ப விளக்குத்தூண் வந்து, ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் தம்பியின் பிரிண்டரில் இறங்கும். லைன் கிடைத்தால் அரை மணி நேரம். மழை பெய்தால் மறுநாள். ப்ளைவுட்டின் கனம் அரை அங்குலம்.

இத்தோடு விட்டாரா? 'மரியாதை மாட்யூல்' என்று ஒன்றைத் தனி விலைக்குப் பொருத்தினார். அண்ணன், "அந்தக் களவாணிகிட்ட நாலு கட்டு கேளு" என்பார். அது தம்பிக்கு, 'மதிப்பிற்குரிய கிடங்குப் பிரிவின் மேலான கவனத்திற்கு: நான்கு கட்டுகள் அன்புடன் கோரப்படுகின்றன' என்று போய்ச் சேரும். தம்பி குடோன் ஆபரேட்டரிடம், "இல்லைன்னு சொல்லு, அந்தாளு கண்ணுல கொள்ளி வைக்க" என்பார். அண்ணனுக்கு, 'இருப்பு இல்லாமைக்கு வருந்துகிறோம்' என்று வரும். அசல் வார்த்தைகள் வீணாகுமா? அவை காளவாசலில் பத்திரமாகச் சேமிக்கப்பட்டன. தகவல் என்பது செல்வமல்லவா!

நல்லகாமன் கடைக்குள் பாய்ந்தபோது கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் விளாங்குடி சோணையம்மாள் நடுக்கடையில் உட்கார்ந்திருந்தார். மகன் கல்யாணத்துக்கு மாமன் மச்சான்களுக்கெல்லாம் வேட்டி எடுக்க வந்தவர். கரண்ட் வந்து, கம்ப்யூட்டர் முழித்து, காளவாசல் போய் வரும்வரை பொறுக்கச் சொன்னதும் அவர் போட்ட சத்தம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"அங்கிட்டு இருக்குறவருகிட்ட வாயைத் தொறந்து கேட்டா முத்தா உதிர்ந்துரும்? பொழுதுபோனா எனக்கு பஸ்ஸு இல்லைய்யா!"

துளசிராம் வேறு வழியில்லாமல் ப்ளைவுட்டைத் தட்டி, "டேய் கிரி! எட்டு முழம் டபுள் வேட்டி இருக்காடா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் கட்டுகள் புரளும் சத்தம். பிறகு, "இருக்குண்ணே. கொண்டு வாரேன்."

மூன்று வருட நவீனம் அதோடு சரிந்தது.

இப்போது இருவரும் ப்ளைவுட் கதவருகே நின்று தங்கள் வீட்டு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லகாமனுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. எவ்வளவு தூரம் போய்விட்டார்கள்? சமாதானமா, சண்டையா? காதைத் தீட்டினார். நடுநடுவே தெரிந்த சொற்கள் மட்டும் வந்து விழுந்தன. "...கம்ப்யூட்டர்..." "...ஸ்டாக்..." துளசிராம் ஒரு வேட்டியை விரித்து, மடித்து, திரும்ப விரித்தார். "...டபுள்..."

நல்லகாமனுக்கு முதுகில் வேர்த்தது.

"நிறுத்துங்க சார்!"

இருவரும் திரும்பினார்கள்.

"என்ன காரியம் பண்றீங்க? இது அன்ஆதரைஸ்டு ஆக்சஸ்!"

"என் தம்பிகிட்ட நான் பேசுறதா?" என்றார் துளசிராம்.

"தம்பியெல்லாம் வீட்ல சார். இங்க அவரு ஒரு 'சிஸ்டம்'. நீங்க ஒரு 'சிஸ்டம்'. ரெண்டு சிஸ்டம் நேரடியா உரசுனா டேட்டா கருகிரும்."

"கரண்ட் இல்லையேப்பா" என்றார் கிரிதரன். "அண்ணன் கேட்டாரு, எடுத்துக் குடுத்தேன். அரை நிமிசம் ஆகல."

"அதுதான் சார் ஆபத்தே! அரை நிமிசத்துல முடிஞ்சா அதுல ப்ராசஸ் எங்க இருக்கு? நாளைக்கு ஆடிட்டர் வந்து கேட்டா, வாயால பேசுனதை எங்க இருந்து பிரிண்ட் எடுப்பீங்க?"

சோணையம்மாள் மெழுகுவத்தியைத் தூக்கி நல்லகாமன் முகத்துக்கு நேரே பிடித்தார். "இவரு யாருய்யா? அண்ணன் தம்பி பேசுனா இவருக்கு ஏன் இம்புட்டு வேர்க்குது?"

தொழில்நுட்பம் அறியாதவர்கள் இப்படித்தான் நாகரிகமில்லாமல் கேட்டுவிடுவார்கள். நல்லகாமன் பெருந்தன்மையாக அதைக் கண்டுகொள்ளவில்லை.

துளசிராம் நல்லகாமன் பக்கம் திரும்பினார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. "இந்தாப்பா, நாளைக்கு அந்த ஒப்பந்தத்துக்கு வர வேணாம். இந்தப் பலகையைக் கழட்டப் போறோம். ரெண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நானும் இவனும் ஒவ்வொரு உருப்படியாப் பார்க்கப் போறோம். எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சுபோகும்ல?"

"முதல்ல டபுள் வேட்டியில இருந்து ஆரம்பிப்போம்ணே" என்றார் கிரிதரன்.

அந்த நொடியில் கரண்ட் வந்தது. மின்விசிறி சுழன்றது, கம்ப்யூட்டர்கள் முனகின, சாமி படத்துச் சீரியல் பல்புகள் மின்னின. நல்லகாமன் தாவிப் போனை எடுத்தார்.

"மாப்ள அசார், நான்தான். மரியாதையை ஆஃப் பண்ணு."

"என்னண்ணே?"

"மரியாதை மாட்யூலை ஆஃப் பண்ணுடா. ஆரம்பத்துல இருந்து எல்லா மெசேஜையும் அசல்ல அனுப்பு. ரெண்டு பக்கமும்."

"அண்ணே, அதெல்லாம் நாறிக் கிடக்குண்ணே. மனுசன் படிக்க முடியாது."

"மனுசன் படிக்கத்தான் அனுப்புறோம். போனை வைக்கிறேன், வச்சாத்தான் மோடம் பேசும்."

வைத்தார். மோடம் கீச்சிட்டது. பிறகு கடைப் பிரிண்டர் 'கிர்ர்ர்' என்றது. ப்ளைவுட்டுக்குப் பின்னால் குடோன் பிரிண்டர் எதிர்ப்பாட்டுப் பாடியது.

"என்னப்பா அது?" என்று துளசிராம் காகிதத்தைக் கிழித்தார்.

"அதுவா சார்... ஃபுல் டிரான்ஸ்பரன்ஸி. சமாதானமாப் போறீங்க, ஒளிவுமறைவு கூடாது பாருங்க. பழசெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும் சேர வேண்டியது."

துளசிராம் படித்தார். உதடு அசைந்தது. "'அண்ணி கழுத்துல மின்னுதே அட்டிகை, அது எத்தனை கட்டு வேட்டின்னு கேளு'... டேய்! இதை நீ சொன்னியா?"

குடோன் பிரிண்டரைப் பார்க்கப் போன கிரிதரன் தன் காகிதத்தோடு வந்தார். "நீங்க என்ன சொல்லியிருக்கீங்க? 'அவன் மக தேவிகாவுக்கு மெடிக்கல் சீட்டு என் வேட்டியில வாங்குனது.' அவ ராப்பகலாப் படிச்சு வாங்குன சீட்டுண்ணே அது! அண்ணேன்னு கூப்பிட்ட வாயைக் கழுவணும்."

காகிதம் நிற்கவில்லை. தரையில் விழுந்து, மடிந்து, மலையாகக் குவிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று வாசித்துக்கொண்டே போனார்கள். வாசிக்க வாசிக்க ஒருவரையொருவர் பார்ப்பது குறைந்தது. ஜெயக்கொடி தான் டைப் அடித்த வரிகளைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

சோணையம்மாள் வேட்டிக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "நல்லாத்தானய்யா பேசிட்டு இருந்தாங்க" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாள் காலை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு வருடத்துக்கு அல்ல, ஐந்து வருடங்களுக்கு. ப்ளைவுட்டைக் கழற்றினார்கள், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றும் குடும்பம். அந்த இடத்தில் கொத்தனாரை விட்டுச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். கம்பி போக ஓர் ஓட்டை மட்டும் விடச் சொன்னார் நல்லகாமன். டி. கல்லுப்பட்டிப் பங்காளிகள் நேரில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து அசந்து போனார்கள். "நல்ல கெட்டியா இருக்கே!" என்று அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தார்கள். விளாங்குடி மாமனும் மருமகனும் தனித்தனி ஆட்டோவில் வந்து, தனித்தனியாகக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் பரோட்டாக் கடை மாடியில் வெற்றி விழா. கொத்து பரோட்டா, முட்டையோடு. அசாருதீன் மட்டும் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, ஒண்ணு கேக்கவா? அவங்க பேசியிருந்தா நமக்கு ஒரு கஸ்டமர் போயிருப்பான். அம்புட்டுத்தானே? அதுக்கு ஒரு குடும்பத்தையே பிரிண்டர்ல விட்டு அரைச்சுட்டீங்களே!"

நல்லகாமன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கடைக்கு புரோகிராம் எழுதுனது யாரு?"

"நீங்க."

"குடோனுக்கு?"

"நீங்கதான். ரெண்டும் நீங்க எழுதுனதுதான்."

"கடைக்கு எழுதும்போது டபுள் வேட்டியை ஒரு வேட்டின்னு போட்டேன். ஆறு மாசம் கழிச்சு குடோனுக்கு எழுதும்போது அது மறந்துபோச்சு. டபுள்னா ரெண்டுன்னு போட்டுட்டேன்."

அசாருதீன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் போட்டான். "ஒரு வரியைத் திருத்தியிருந்தா..."

"திருத்தியிருந்தா? ஒரு வரிக்கு எவன்டா வருசா வருசம் பணம் குடுப்பான்?"

"அப்ப அந்தக் காணாமப் போன வேட்டியெல்லாம்?"

நல்லகாமன் முட்டையைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அதை எந்தத் தறியிலயும் எவனும் நெய்யவே இல்ல மாப்ள."